ஊசி எந்தக் கையில்?

அனுபவம் பேசுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. தலை நரைத்த பிறகு செய்ய வேண்டியதை முன்கூட்டியே செய்கிறேன். மேற்படிப்புக்காக இந்த ஆய்வகத்தை விட்டுப் போகிறேன். என் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கீழே மருந்துக்கடையும் மேலே இந்த ஆய்வகமும் நடத்தும் பாய் கேட்டுக்கொண்டார். "வாயால சொன்னா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. எழுதிக் குடு" என்றார். எழுதுகிறேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. வெள்ளைக் கோட்டில் குத்துகிற பெயர்ப் பட்டையை ஒரு நாளும் நான் கோணலாகக் குத்தியதில்லை. நீங்களும் குத்தாதீர்கள்.

ஸ்லைடு தேய்ப்பது, சாயம் ஏற்றுவது, மிஷினைக் கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கும். நம் ஆய்வகம் புதுவாயல் கூட்டுச்சாலையில் இருக்கிறது. இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் நெடுஞ்சாலையில் போனால் மைக்ராஸ்கோப்பில் செல்கள் நடுங்கும். அப்போது கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நடுங்கும்போது எண்ணினால் தப்பாகத்தான் எண்ணுவீர்கள். வண்டி போகும்வரை காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான். சுகுணா என்ற பெண்ணின் விஷயத்தில் எங்களுக்கு உதவியது கிட்டத்தட்ட இந்த ஒரு பழக்கம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். ஊரெல்லாம் சிக்குன்குனியா. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். காய்ச்சல், மூட்டுவலி, பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் குறைவு. காலையில் வருகிற இரத்தம் முழுக்க ஒரே மாதிரி இருந்தது.

கிருமி உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருள்களால் தகவல் அனுப்பத் தொடங்கும். அந்தத் தகவல் மூட்டுக்குப் போனால் வீக்கம். மூளைக்குப் போனால் காய்ச்சல். எலும்பு மஜ்ஜைக்குப் போனால் புதிய செல்கள் புறப்பட்டு வரும். இதையெல்லாம் சேர்த்துத்தான் அழற்சி என்று படித்திருக்கிறீர்கள். தகவல் கேட்ட லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள் உப்பிப் பெரிதாகி, நீலம் கூடி, ஆளே மாறி நிற்கும். சிக்கல் என்னவென்றால், இரத்தப் புற்றுநோய்ச் செல்லும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் நிற்கும். முதலாவது சண்டைக்குக் கூப்பிட்டதால் வந்த செல். இரண்டாவது யாரும் கூப்பிடாமல் தானாகப் பெருகும் செல். தோற்றத்தில் மட்டுமல்ல, செயலிலும் ஒற்றுமை உண்டு. புற்றுநோயும் அதே தகவல்களை அனுப்புகிறது. அதனால்தான் அதிலும் காய்ச்சல் வருகிறது, எலும்பு வலிக்கிறது, உடம்பு இளைக்கிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் தகவலை வாங்கித் தன் பிழைப்புக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. அழற்சியும் இரத்தப் புற்றுநோயும் ஒரே வேடத்தில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஊரே அழற்சியில் இருக்கும் காலத்தில் இது இன்னும் மோசம்.

சுகுணா கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் பயிற்சியில் இருந்தவள். சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். கம்பெனிப் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் இங்கேயே தங்கியிருந்தாள். முதல் தடவை வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டவில்லை.

"நர்ஸக்கா, கொஞ்சமா எடு. எனக்கு ஏற்கெனவே ரத்தமே இல்லன்றாங்க."

"நான் நர்ஸு இல்ல. லேப் டெக்னீஷியன்."

"சரி, டெக்னீஷியன் அக்கா, கொஞ்சமா எடு."

எங்கே வலி என்று கேட்டேன்.

"எங்க இல்லன்னு கேளு. ஊட்ல எல்லாருக்கும்தான் கீது. காலைல வரிசையா நொண்டிக்கினு போயி பஸ்ஸுல ஏறுறோம். எவனாவது பாத்தா எதோ நேத்திக்கடன்னு நெனைப்பான்."

அவளுடைய ஸ்லைடில் பெரிய நீல லிம்போசைட்டுகள் சில இருந்தன. தட்டணுக்கள் குறைவு. நம் டாக்டருக்கு எடுத்து வைத்தேன். அவரை உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, நாம் எடுத்து வைத்த ஸ்லைடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய ரயிலில் திரும்புகிற நோய்க்குறியியல் டாக்டரம்மா. அவர் அந்தச் செல்களை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த சீசன்ல இது வைரலாத்தான் இருக்கும். ஆனா ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு எழுதிடு" என்றார்.

அது சரியான முடிவு. அன்று காலை அதே மாதிரிச் செல்கள் இருந்த ஸ்லைடுகள் தட்டு நிறைய இருந்தன. எல்லோரையும் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டால் ஊரில் பாதியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ரிப்போர்ட் போனதும் ஸ்லைடுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது அன்றைக்கு எங்கள் வழக்கம். சுகுணாவின் ஸ்லைடும் அப்படியே போயிற்று.

ஒரு வாரத்தில் அவள் வரவில்லை. பல நாள் கழித்து ஒரு முற்பகலில் வந்தாள். கூடவே, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். கீழே வேன் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது.

"பொண்ணு நல்லாகீது, நீங்களே பாருங்க. ரத்தம் நார்மல்னு ஒரு ரிப்போர்ட்டு குடுத்தா கம்பெனில உள்ள உடுவாங்க. ரெண்டு மணி ஷிப்டுக்கு நானே ஏத்திக்கினு போயிடறேன்" என்றார் அவர்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சுகுணாவின் பயிற்சிக் காலம் முடியப் போகிற நேரம். தொடர்ந்து வந்து முடித்தால் நிரந்தரம். நடுவில் அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. காய்ச்சல் விடுப்பு அதன் எல்லையைத் தொட்டிருந்தது.

சுகுணாவின் முகம் உருண்டு, பளபளவென்று இருந்தது. வலியே இல்லை என்றாள். "புதுசாப் பொறந்த மாதிரி கீதுக்கா. பசிதான் தாங்கல. இன்னிக்கு நாஷ்டாவே ரெண்டு வாட்டி துன்னேன்."

ஸ்லைடும் அவளைப் போலவே இருந்தது. பெரிய நீலச் செல் ஒன்றுகூட இல்லை. வெள்ளை அணுக்களில் பெரும்பாலும் நியூட்ரோஃபில். முதிர்ந்த, சுத்தமான செல்கள். தட்டணுக்கள் ஏறியிருந்தன. இரத்தசோகை அப்படியே இருந்தது. ஆனால் நம் பக்கத்துப் பெண்களில் அது இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"வைரல் போயிடுச்சு. நார்மல்."

நான் செல் வகைகளை எண்ணி முடித்திருந்தேன். எண்ணிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"டாக்டர், இயோசினோஃபில் ஒண்ணுகூட இல்ல."

ஆரஞ்சு நிறப் பொடி தூவியது போலிருக்கும் செல்லைச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் அது கொஞ்சமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று போட்டிருக்கும். நம் ஊர் இரத்தத்தில் அது இல்லாமல் இருக்காது. வயலில் வெறுங்காலோடு நடந்த உடம்புகள், குடல்புழு, சூளைத்தூசி, ஆலைப்புகை. ஸ்லைடைப் பார்த்தால் ஓரத்தில் ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். அதை நாங்கள் பார்த்தும் பார்க்காமலும் தாண்டிப் போவோம். இல்லாதபோதுதான் உறுத்தும்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. கண்ணை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு டிரெய்லர் போயிற்று. கையை எடுத்துவிட்டு அது போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்லைடின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடினார்.

"காய்ச்சல் விட்டுத் தேறிட்டு வர்ற உடம்புல இது திரும்பி வந்திருக்கணும். லிம்போசைட்டும் கூடியிருக்கணும். ரெண்டும் இல்ல. நியூட்ரோஃபில் மட்டும் இவ்வளவு இருக்கு. ஆனா ஒண்ணுலயும் சண்டை போட்ட அடையாளம் இல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஸ்டீராய்டு. யாரோ போட்டிருக்காங்க."

ஸ்டீராய்டு அழற்சியின் தகவல் தொடர்பை அறுக்கும் மருந்து. செல்கள் ஒன்றோடொன்று பேசுவது நின்றுபோகும். காய்ச்சல் இறங்கும், வலி போகும், பசி எடுக்கும். இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் பிடிவிட்டு ஓட்டத்துக்கு வரும்; எண்ணிக்கை ஏறும். இயோசினோஃபில் காணாமல் போகும். இதுவரை கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் லிம்போசைட் வகை இரத்தப் புற்றுநோயாக இருந்தால், அந்தச் செல்களையும் இந்த மருந்து கொல்லும். முழுதாக அல்ல. இரத்தத்தில் இருப்பவை மறையும். மஜ்ஜைக்குள் ஒரு பகுதி தப்பித்து இருக்கும். ஆள் தேறிவிட்டது போலவும் ஸ்லைடு சுத்தமானது போலவும் கொஞ்ச நாளைக்குத் தெரியும். அப்புறம் திரும்பி வரும்போது மருந்துக்குப் பழகியவை முன்னால் நிற்கும்.

அப்படியானால் எங்கள் முன் இருந்த சுத்தமான ஸ்லைடுக்கு இரண்டு விளக்கம் இருந்தது. சிக்குன்குனியா வந்துபோன உடம்பில் வலிக்காக யாரோ ஊசி போட்டிருக்கலாம். அல்லது புற்றுநோயை ஊசி மறைத்திருக்கலாம். முதல் ஸ்லைடு இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். அது கழுவித் துடைக்கப்பட்டு வேறு யாருடைய இரத்தத்தையோ தாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சுகுணாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்துக்கிட்டியாம்மா?"

"ஒண்ணும் இல்ல மேடம். கஞ்சி குடிச்சேன், இஸ்துப் போத்திக்கினு படுத்தேன், சரியாப் பூடிச்சு."

பதில் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்கென்று ஒருவர் ஊசி போடுவார். எந்தப் படிப்பும் இல்லாதவர். ஆனால் அவர்கள் வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மறுநாள் ஷிப்டுக்கு எழுந்து போகிற மாதிரி ஆக்கி அனுப்புவார். ஒருமுறை அதிகாரிகள் வந்து விசாரித்ததில் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை பெண்கள் காய்ச்சலோடு திண்டாடினார்கள். அதற்குப் பின் யார் கேட்டாலும் "ஊசியா, என்ன ஊசி?" என்று கைவிரிப்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். நாற்காலியில் உட்கார்ந்து பேனாவோடு கேட்கிற யாருக்கும் அந்த உண்மை கிடைக்காது. டாக்டர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு தடவை இரத்தம் எடுக்க வேண்டும் என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். ரப்பர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டேன். "ஊசி எந்தக் கையில போட்டாங்க? அந்தக் கைய உட்டுடறேன், வலிக்கும்."

"கையில இல்லக்கா, இடுப்புல" என்றாள்.

சொல்லி முடித்தபின்தான் அவளுக்கே கேட்டது. என்னை முறைத்தாள்.

"நீ போலீஸு வேலைக்குப் போவ வேண்டியவ. தப்பி இங்க வந்துக்கீற."

"யார் போட்டாங்கன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். அடிக்கடியா?"

"வலி வர்றப்பல்லாம். ஏன், ஊசி போட்டா தப்பா? நல்லாத்தானே ஆயிட்டேன்?"

யார் என்று கேட்டிருந்தால் அதோடு பேச்சு நின்றிருக்கும். எது தெரிந்தால் போதும், எது தெரிய வேண்டியதில்லை என்று பிரித்துக்கொள்வது நம் வேலையில் ஒரு பகுதி. எனக்கு வேண்டியது மருந்து. ஆள் அல்ல.

வெளியே சூப்பர்வைசர் பொறுமை இழந்துவிட்டார். பாயும் படியேறி வந்துவிட்டார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். சத்தம் கேட்டால் வந்து நடுவில் நிற்பது பாயின் சுபாவம்.

"நார்மல்னு எழுத முடியாதுன்றாங்க. சரி, இன்னா நோவுன்னாவது எழுதுங்கன்னா, அதுவும் முடியாதுன்றாங்க. இன்னா பாய் லேப்பு இது?" என்றார் சூப்பர்வைசர்.

பாய் டாக்டரைப் பார்த்தார். "அவர் கேக்கறதும் நாயந்தானே டாக்டரம்மா. ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டும் இல்லாத மாதிரி ஒரு ரிப்போர்ட்டு கீதா?"

"பாய், ஸ்லைடு நார்மலாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு நார்மலா இருக்காளான்னு எனக்குத் தெரியல."

"கும்மிடிப்பூண்டில இன்னொரு லேப்பு கீது மேடம்" என்றார் சூப்பர்வைசர். "மிஷின்ல உட்டு ஒரு மணி நேரத்துல நார்மல்னு குடுப்பான்."

அதில் மிரட்டல் மட்டும் இல்லை, உண்மையும் இருந்தது. அங்கே எழுதிக் கொடுத்தால் அது பொய்யான ரிப்போர்ட் ஆகாது. அன்றைய இரத்தத்தில் இருந்ததைத்தான் எழுதியிருப்பார்கள். நீங்கள் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் மறுப்பது சுலபம். அவர் நியாயமாகக் கேட்கும்போதுதான் கஷ்டம்.

டாக்டர் யோசித்து எழுதினார். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு எடுக்கப்பட்ட இரத்தம், இதை இயல்பு என்று கொள்ள இயலாது, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவை. அதைச் சூப்பர்வைசரிடம் தரவில்லை. அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சுகுணாவின் கையில் கொடுத்தார்.

"புரியற மாதிரி சொல்லு மேடம்."

டாக்டர் கட்டை விரலால் அவளுடைய மார்பெலும்பை லேசாக அழுத்தினார். சுகுணா வெடுக்கென்று பின்னால் நகர்ந்தாள்.

"மூட்டுல இல்லாம எலும்புலயே வலி இருக்கு. ரத்தப் புத்துநோயா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மஜ்ஜைய எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும். சென்னைக்கு வா. எங்க போகணும், யாரப் பாக்கணும்னு நான் ஏற்பாடு பண்றேன்."

சுகுணா தாளை மடித்தாள். அழவில்லை.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்த நம்பிக்கினு நான் வேலைய உடணுமா? இன்னும் கொஞ்ச நாள்தான் மேடம். முடிச்சுட்டா பர்மனென்ட்டு. அப்புறம் எங்க வேணா வர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தாள ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவரு இல்லன்னா எங்களுக்கு ஆளில்ல."

கீழே இறங்கிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தோம். வேனில் ஏறினாள். அந்த ரிப்போர்ட்டை அவள் யாரிடமும் காட்டவில்லை. வேறு ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள் என்று பிறகு தெரிந்தது.

"எழுத வேண்டியத எழுதிட்டோம்" என்றார் டாக்டர். அதில் அவருக்கே திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை. மதிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

நாம் செய்யக்கூடியது அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கீழே இறங்கியபோது பாய் கடையில் தனியாக இருந்தார்.

"இன்னா ஊசிம்மா அது, இவ்ளோ வேல பண்றது?"

மருந்தின் பெயரைச் சொன்னேன். பாய் எழுந்து உள் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். விரற்கடை அளவுக் கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்காக இருந்தன.

"இத்தயா?"

"இதான் பாய்."

அவர் பெட்டியை மூடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மழைல இது நெறைய போச்சு" என்றார்.

மேலே நாங்கள் மைக்ராஸ்கோப்பில் தேடிய மருந்து எங்கள் காலுக்குக் கீழே இருந்த கடையிலிருந்து போயிருக்கிறது. எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவருக்கும்.

"யாரு வாங்கறாங்கன்னு நான் கேக்கல பாய். அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"நீ எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா?" பாய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "மருந்து எடுத்துக் குடுத்துடாத. நீ டெக்னீஷியன்" என்றார் போகிற போக்கில். எத்தனை தடவை நான் அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஊசி போடுகிறவரிடம் அவர் என்ன பேசினார் என்பதைப் பல மாதங்கள் கழித்து அவரே சொன்னார். சுகுணா வந்தால் ஊசி போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "நான் போடலன்னா வேற எவன்கிட்டயாவது போவும் பாய்" என்றாராம் அவர். "எவன்கிட்ட போனாலும் பாட்டில் என் கடையிலருந்துதான் வரணும். அவனாண்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்" என்றாராம் பாய். அன்றிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் அந்தப் பெட்டி கடையிலிருந்து இறங்குவதில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஊசியின் வேகம் அடங்கியதும் வலி திரும்பியது. சுகுணா ஷிப்டு முடிந்து நேராக ஊசி போடுகிறவரிடம் போயிருக்கிறாள். போட மாட்டேன் என்றிருக்கிறார். திட்டிவிட்டு இன்னொருவரிடம் போயிருக்கிறாள். அங்கேயும் இல்லை. மறுநாள் காலை நம் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறி வந்தாள். முகத்தின் பளபளப்பு போயிருந்தது. ஈறில் இரத்தம் கசிந்தது.

"எல்லாம் ஒண்ணு சேந்துக்கினு என்னப் பேஜார் பண்றீங்க. ஒரு ஊசி போடச் சொல்லுக்கா. ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரம் பயிற்சி முடிஞ்சுடும். முடிஞ்சதும் நீ எங்க இஸ்துக்கினு போனாலும் வர்றேன்."

"மொதல்ல கைய நீட்டு."

நீட்டினாள். ஸ்லைடைத் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். பெரிய நீலச் செல்கள் திரும்பியிருந்தன. இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. வேறு செல்களைத்தான் தேட வேண்டியிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வரவேண்டிய நாள் இல்லை. அடுத்த ரயிலில் வந்தார். பார்த்துவிட்டு, சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அந்த ஸ்லைடை நான் கழுவவில்லை. அன்றிலிருந்து சந்தேகமுள்ள எந்த ஸ்லைடும் இங்கே கழுவப்படுவதில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் மரப்பெட்டிகள் ஏன் இருக்கின்றன என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் காரணம்.

மாலைக்குள் பள்ளிப்பட்டிலிருந்து அவளுடைய அப்பா வந்துவிட்டார். வயலிலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார். சுகுணா அவரைப் பார்த்ததும் முதல் தடவையாக முகத்தை மூடிக்கொண்டாள். "பர்மனென்ட்டு போச்சு நைனா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லு. இது பொழைக்குமா?"

"தெரியாதுப்பா. ஆனா இன்னா நோவுன்னு இப்ப தெரியும்."

இதைவிட நல்ல பதில் ஒன்று இருந்திருக்கலாம். இத்தனை காலத்தில் எனக்கு அகப்படவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குமேல் நம்மிடம் எதுவும் கிடையாது.

சென்னையில் மஜ்ஜையைப் பார்த்து உறுதி செய்தார்கள். சிகிச்சையில் முதலில் கொடுத்த மருந்துகளில் ஒன்று அதே ஸ்டீராய்டு. முறையான அளவில், முறையான நாட்களுக்கு, வேறு மருந்துகளோடு சேர்த்து. சுகுணாவுக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "அந்தாளு போட்டா தப்பு, பெரியாஸ்பத்திரில போட்டா கரீட்டா?" என்று கேட்டாள். தனியாகப் போட்டால் ஏன் மறைக்கும், சேர்த்துப் போட்டால் ஏன் குணமாக்கும் என்று விளக்கினேன். பாதி கேட்டாள். முன்பே ஊசி போட்டிருந்ததை டாக்டர் எழுதியிருந்ததால் அங்கே அதையும் கணக்கில் எடுத்து மருந்தைத் தீர்மானித்தார்கள் என்பதை மட்டும் முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

சிகிச்சைக்கு நடுவே இரத்தம் பார்ப்பதற்கு இங்கேதான் வருவாள். சில வாரங்கள் ஸ்லைடில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அதுவும் சுத்தமான ஸ்லைடுதான். ஆனால் அந்த அமைதி எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வித்தியாசத்தை நீங்கள் புரிந்துகொண்டால் போதும். இவ்வளவு நீளமாக எழுதியது அதற்குத்தான்.

சிகிச்சையின் வீரியமான கட்டம் முடிந்து, ஸ்டீராய்டும் நின்று கொஞ்ச காலத்தில், ஒரு ஸ்லைடின் ஓரத்தில் ஒரு இயோசினோஃபில் உட்கார்ந்திருந்தது. அதனால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அவள் உடம்பு மறுபடி தன் பேச்சைத் தானே பேசத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நோயாளிக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டும் வழக்கம் நமக்குக் கிடையாது. தலைத்துணி சரியாமல் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதுவா? ஆரஞ்சு முட்டாயி ஒடஞ்ச மாதிரி கீது. இது இல்லன்னுதான் என் வேலைய புடுங்கினீங்களா?"

"ஆமா."

"நல்லா இருப்பீங்க" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினாள்; தன்னைவிடச் சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று. முடிக்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அந்த வகையில் அவள் இழந்தது உண்மையான இழப்புத்தான். அதைச் சின்னதாக நினைத்து அவளிடம் பேசாதீர்கள்.

மாதா மாதம் வருவாள். அடுத்த மாதம் நான் இருக்க மாட்டேன். உங்களில் ஒருவரை நர்ஸக்கா என்று கூப்பிடுவாள், வேண்டுமென்றேதான் கூப்பிடுவாள். திருத்துங்கள். இடது கையில் நரம்பு ஒளிந்துகொள்ளும், வலது கையில் எடுங்கள். எண்ணும்போது டிரெய்லர் வந்தால் நிறுத்திக் காத்திருங்கள். ஊசி எந்தக் கையில் என்று அவளிடம் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. யார், எங்கே, எதற்குப் போட்டார்கள் என்று உட்காருவதற்கு முன்பே அவளே சொல்லிவிடுவாள்.